பில்ட் பாஸ்… எடிட்டரில் மட்டும் எரர்! புரோகிராமர்களைக் குழப்பும் சிவப்பு நெளிகோடு ஏன் வருகிறது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கம்பெனி புராஜெக்ட்டை லேப்டாப்பில் இறக்கி, எடிட்டரில் திறந்தால் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு நெளிகோடுகள். 'இந்த ஃபைலைக் காணோம்', 'இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று வரிக்கு வரி புகார். பயந்துபோய் டெர்மினலில் பில்ட் கமாண்டைத் தட்டினால், ஒரு எரர்கூட இல்லாமல் பாஸ் ஆகிறது.

சீனியரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும், கண்டுக்காதீங்க. பில்ட் ஆனா போதும்."

சோமனூர், கருமத்தம்பட்டி, சூலூர் பக்கமிருந்து தினமும் பஸ் பிடித்து சரவணம்பட்டிக்கும் பீளமேட்டுக்கும் ஐ.டி. வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலருக்கு இது பழகிய அனுபவம். வீட்டில் முதல் தலைமுறை இன்ஜினியராக இருப்பவர் என்றால், தப்பு தன் பேரில்தான் என்றே முதலில் நினைப்பார். உண்மையில் தப்பு அவருடையது அல்ல. எடிட்டர், பில்ட் சிஸ்டம் என்ற இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளாததுதான் காரணம்.

அந்தப் பேச்சுவார்த்தை எங்கே அறுந்துபோகிறது, அதைச் சரிசெய்ய உலகம் முழுக்க என்ன நடந்திருக்கிறது, நம் புராஜெக்ட்டில் நாம் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

பில்ட் சிஸ்டம் என்றால் என்ன?

நாம் எழுதும் புரோகிராம் அப்படியே ஓடாது. எந்த ஃபைலை முதலில் கம்பைல் செய்வது, எந்த லைப்ரரியை எந்தப் போல்டரிலிருந்து எடுப்பது, எந்த மெஷினுக்காகத் தயாரிப்பது என்று நூறு முடிவுகள் இருக்கின்றன. அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் செய்து முடிப்பதுதான் பில்ட் சிஸ்டம். மேக், சிமேக், கிரேடில், மேவன், பேசல், கார்கோ எல்லாமே இந்த ரகம்தான்.

இதில் மூத்தது மேக். 1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. அது பிறந்த கதையே சுவாரஸ்யமானது. அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், புரோகிராமில் இருந்த ஒரு தப்பைச் சரிசெய்துவிட்டார். ஆனால், திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்ய விட்டுப்போனது. சரியாக இருந்த புரோகிராமில் தப்பைத் தேடித் தேடி ஒரு காலைப் பொழுதே வீணானது. எது மாறியது, எதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்பதை மனிதர் நினைவில் வைப்பதற்குப் பதில், கருவியே பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. மேக் கருவிக்காக 2003-ல் ஃபெல்ட்மேனுக்கு ஏ.சி.எம். அமைப்பின் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருது கிடைத்தது.

ஐம்பது வருடம் கழித்தும், சரியான புரோகிராமில் இல்லாத தப்பைத் தேடி காலைப் பொழுதை வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள். அன்று காரணம் பழைய ஃபைல், இன்று காரணம் விவரம் தெரியாத எடிட்டர்.

எடிட்டருக்கு ஏன் தெரியவில்லை?

சோமனூர்க்காரர்களுக்கு இதைத் தறியை வைத்தே சொல்லிவிடலாம். இந்தப் பகுதி விசைத்தறிகளில் பெரும்பாலானவை கூலிக்கு நெய்பவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலையும் ஊடை நூலையும் கொடுத்துவிடுவார். ரீடு எவ்வளவு, பிக் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்ற விவரமும் கூடவே வரும். நெய்து முடித்த துணி அவரிடமே திரும்பிப் போகும்.

அந்த ஆர்டர் விவரம் தெரியாத ஒருவர் வந்து துணியைப் பிடித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நெசவு நெருக்கமா இல்லையே, பிக் கம்மியா இருக்கே" என்று குறை சொல்வார். ஆனால், ஆர்டரே அப்படித்தான். துணியை மட்டும் பார்த்து, அது சரியா தப்பா என்று முடிவு செய்ய முடியாது.

எடிட்டரின் நிலைமையும் இதேதான். அதன் கையில் இருப்பது துணி, அதாவது நாம் எழுதிய ஃபைல். ஆர்டர் விவரம் முழுக்க பில்ட் சிஸ்டத்திடம் இருக்கிறது. விவரம் கிடைக்காத எடிட்டர் ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் சிவப்பு நெளிகோடு.

சில உதாரணங்கள்:

பைத்தான்: லைப்ரரியை ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்டில் இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். எடிட்டர் வேறொரு பைத்தானைத் தேர்ந்தெடுத்திருக்கும். புரோகிராம் ஓடும், ஆனால் இம்போர்ட் வரியில் மட்டும் நெளிகோடு விடாது.

ஜாவா, கோட்லின்: எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்பது கிரேடில் ஃபைலில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்ததும் 'கிரேடில் சிங்க்' என்று ஓடுகிறதே, அது வேறொன்றுமில்லை. எடிட்டர் பில்ட் சிஸ்டத்திடம் விவரம் கேட்கும் நேரம்தான். சிங்க் ஃபெயில் ஆனால், அடுத்து வரும் ஆட்டோ கம்ப்ளீட் எதையும் நம்ப முடியாது.

சி, சி பிளஸ் பிளஸ்: இருப்பதிலேயே சிக்கல் இங்குதான். கார் உதிரிபாகங்களுக்கான சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். போஷ் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு கோவையில் இயங்குகிறது. வாகனத் துறை சாஃப்ட்வேர் இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்தத் துறையில், எழுதுவது லேப்டாப்பில் என்றாலும் ஓடப்போவது காருக்குள் இருக்கும் சின்ன சிப்பில். கம்பைலர் வேறு, ஹெடர் ஃபைல்கள் இருக்கும் இடம் வேறு. 'இந்த மாடல் காருக்கு மட்டும் இந்தப் பத்து வரி' என்று சுவிட்ச் போட்டும் வைத்திருப்பார்கள். எந்த சுவிட்ச் ஆன், எது ஆஃப் என்பது பில்ட் கமாண்டில் மட்டுமே இருக்கும். அது தெரியாத எடிட்டர், ஓடுகிற வரிகளை ஓடாது என்று மங்கலாகக் காட்டும்.

அப்படியே விட்டால் என்ன நஷ்டம்?

பில்ட் ஆகிறதே, நெளிகோடு இருந்தால் இருக்கட்டுமே என்று தோன்றலாம். மூன்று இடத்தில் அடிவிழும்.

ஒன்று, பொய் எரருக்குக் கண் பழகிவிட்டால், நிஜ எரரும் கண்ணில் படாது. இருநூறு நெளிகோட்டுக்கு நடுவில் இருநூற்று ஒன்றாவதாக வருவதை யார் பார்ப்பார்கள்?

இரண்டு, ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றச் சொன்னால், எடிட்டர் தனக்குத் தெரிந்த ஃபைல்களில் மட்டும் மாற்றும். தெரியாத ஃபைல்களில் பழைய பெயர் அப்படியே கிடக்கும்.

மூன்று, பாதிக்கப்படுவது பெரும்பாலும் புதியவர்தான். எந்த ஃபங்ஷன் எந்த ஃபைலில் இருக்கிறது என்று பத்து வருட சீனியருக்கு மனப்பாடம். புதிதாக வந்தவருக்கு 'டெஃபனிஷனுக்குப் போ' என்ற ஒரு பட்டன்தான் வழிகாட்டி. அது வேலை செய்யவில்லை என்றால், நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கத் தயங்குபவர் பின்தங்கிப்போவார்.

2016: பாதித் தீர்வு வந்தது

முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக சப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. 10 மொழி, 5 எடிட்டர் என்றால் 50 இணைப்புகள்.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 'லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற பொது ஏற்பாட்டை அறிவித்தன. சுருக்கமாக எல்.எஸ்.பி. மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையை 'லாங்வேஜ் சர்வர்' என்ற தனி புரோகிராம் செய்யும். எடிட்டர் அதனிடம் கேள்வி கேட்டுப் பதிலைத் திரையில் காட்டும். கேள்வி பதில் வடிவம் எல்லோருக்கும் ஒன்றே. 50 இணைப்பு எழுத வேண்டிய இடத்தில் 10 சர்வர், 5 எடிட்டர் என 15 போதும். இன்று விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ், எக்லிப்ஸ் எல்லாமே எல்.எஸ்.பி. பேசுகின்றன.

ஆனால், இது பாதிதான். எடிட்டரும் லாங்வேஜ் சர்வரும் பேசிக்கொள்கின்றன, சரி. அந்த லாங்வேஜ் சர்வருக்கு ஆர்டர் விவரத்தை யார் சொல்வது? எல்.எஸ்.பி. அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. அதனால்தான் புத்தம் புது எடிட்டரைப் போட்டாலும் பழைய நெளிகோடு போக மாட்டேன் என்கிறது.

மீதிப் பாதி: ஒரே ஒரு ஃபைல்

சி, சி பிளஸ் பிளஸ் உலகத்தில் இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கிளாங் கம்பைலர் குழுவினர் வகுத்த ஏற்பாடு இது. 'கம்பைல் கமாண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு ஜேசான் ஃபைல். அதற்குள் ஒவ்வொரு புரோகிராம் ஃபைலுக்கும் மூன்று தகவல்கள்: ஃபைலின் பெயர், எந்தப் போல்டரிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும், முழு கமாண்ட் என்ன. கூலித் தறிக்கு வரும் ஆர்டர் விவரத்தின் நகல் மாதிரி. கிளாங்டி என்ற லாங்வேஜ் சர்வர் இந்த ஃபைலைப் படித்துவிட்டால், அதன் பிறகு ஊகம் பெரிதாகத் தேவையில்லை.

சிமேக் பயன்படுத்துபவர்கள் ஒரே ஒரு செட்டிங்கை ஆன் செய்தால், மேக் அல்லது நின்ஜா வழியாக பில்ட் செய்யும்போது இந்த ஃபைல் தானாகவே உருவாகும். பழைய மேக் மட்டுமே இருக்கும் புராஜெக்ட் என்றால், 'பேர்' என்ற கருவி உண்டு. கரடி என்று பொருள் தரும் இந்தப் பேர், பில்ட் ஓடும்போது பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கும். எந்த கமாண்ட் எந்த ஃபைலுக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதிவிடும். லினக்ஸ் கெர்னல் போன்ற பிரம்மாண்டமான புராஜெக்ட்டே, இந்த ஃபைலைத் தயாரித்துத் தரும் ஸ்கிரிப்டைத் தன்னோடு சேர்த்தே கொடுக்கிறது.

இதிலும் குறை உண்டு. ஃபைல் என்பது போட்டோ மாதிரி. எடுத்த நேரத்து நிலவரம் மட்டுமே அதில் இருக்கும். நாளைக்குப் புதிதாக ஒரு ஃபைல் சேர்த்தால், மறுபடி போட்டோ எடுக்க வேண்டும். ஹெடர் ஃபைல்களுக்குத் தனிப் பதிவும் பொதுவாக இருக்காது. அவற்றுக்குப் பக்கத்து ஃபைலைப் பார்த்து கிளாங்டி ஊகித்துக்கொள்கிறது.

போட்டோ வேண்டாம், போனில் கேட்கலாம்

அடுத்த யோசனை, பில்ட் சிஸ்டத்திடமே நேரடியாகக் கேள்வி கேட்பது.

ஸ்பார்க் பயன்படுத்தும் டேட்டா இன்ஜினியர்களுக்கு ஸ்காலா மொழி தெரிந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் ஸ்காலா சென்டரும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2018-ல் 'பில்ட் சர்வர் புரோட்டோகால்', அதாவது பி.எஸ்.பி. என்ற ஏற்பாட்டை முன்வைத்தன. எல்.எஸ்.பி.யின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். "இந்த புராஜெக்ட்டில் என்னென்ன பகுதிகள் இருக்கின்றன? இந்தப் பகுதியில் எந்தெந்த ஃபைல்? இதைக் கம்பைல் செய்து, எரர் வந்தால் எந்த வரியில் என்று சொல்" என்று எடிட்டர் பக்கம் கேட்கும். பில்ட் சிஸ்டம் பதில் சொல்லும். ஏதாவது மாறினால் தானாகவே தகவலும் தரும். ஸ்காலாவில் தொடங்கிய இது, இப்போது ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிக்கான லாங்வேஜ் சர்வர் வரை வந்திருக்கிறது.

சில மொழிகள் ஆரம்பத்திலிருந்தே இந்த விஷயத்தில் உஷார். ரஸ்ட் மொழியின் கார்கோவிடம் கேட்டால், புராஜெக்ட்டின் ஜாதகத்தையே ஜேசானாகக் கொடுக்கும். கோ மொழியிலும் அப்படி ஒரு கமாண்ட் உண்டு. இந்த மொழிகளுக்கு வருபவர்கள் 'செட்டப் சுலபமா இருக்கு' என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நல்ல பில்ட் சிஸ்டம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில் சொன்னால் மட்டும் போதாது. எப்படிச் சொல்கிறது என்பதும் முக்கியம்.

வேகமாகச் சொல்ல வேண்டும்: எடிட்டர் ஒவ்வொரு முறை ஃபைலை சேவ் செய்யும்போதும் கேட்கும். கூகுள் குரோம் பிரவுசரின் பில்ட்டில் சுமார் 30,000 ஃபைல்கள் இருந்த காலத்தில், ஒரே ஒரு ஃபைலை மாற்றினாலும், வேலையைத் தொடங்குவதற்கே மற்ற பில்ட் கருவிகள் 10 விநாடி யோசித்தன. அதைப் பொறுக்க முடியாமல்தான் எவன் மார்ட்டின் என்ற இன்ஜினியர் நின்ஜா என்ற கருவியை எழுதினார். அது ஒரு விநாடிக்குள் வேலையைத் தொடங்கியது.

பாதி உடைந்திருந்தாலும் சொல்ல வேண்டும்: டைப் செய்துகொண்டிருக்கும் புரோகிராம் எப்போதுமே அரைகுறைதான். ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது என்பதற்காக மொத்த புராஜெக்ட்டுக்கும் பதில் இல்லை என்று கைவிரிக்கக் கூடாது.

எரரை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்: மனிதர் படிக்கும் நீண்ட லாக்கை எடிட்டர் கிண்டிக் கிளறித் தேடுவதைவிட, ஃபைல், வரி எண், செய்தி என்று பிரித்துக் கொடுத்தால் தப்பு நேராது.

சண்டை போடக் கூடாது: எடிட்டர் பின்னணியில் ஒரு பில்ட் ஓட்ட, நீங்கள் டெர்மினலில் இன்னொரு பில்ட் ஓட்ட, இரண்டும் ஒரே போல்டருக்காகக் காத்து நிற்கும். ரஸ்ட் புரோகிராமர்களுக்கு 'லாக்குக்காகக் காத்திருக்கிறேன்' என்ற செய்தி நன்றாகவே பழக்கம். இரண்டுக்கும் தனித்தனிப் போல்டர் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும். என்ன, டிஸ்க் இடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

கவனம்: திறந்தாலே ஓடும்!

எடிட்டரும் பில்ட் சிஸ்டமும் நெருக்கமாவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வேலை தேடும் இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கிரேடில் ஃபைல் வெறும் பட்டியல் அல்ல, அதுவே ஒரு புரோகிராம். விவரம் கேட்க வேண்டுமென்றால் அதை ஓட்டித்தான் ஆக வேண்டும். ரஸ்ட்டிலும் பில்ட் ஸ்கிரிப்ட்கள் இப்படிப் பின்னணியில் ஓடும். அதாவது, தெரியாத ஒருவர் கொடுத்த போல்டரை எடிட்டரில் திறந்து, நம்பிக்கையும் கொடுத்துவிட்டால், அவர் எழுதிய கமாண்ட் உங்கள் லேப்டாப்பில் ஓடிவிடலாம். இதற்காகத்தான் 2021 மே மாத வெர்ஷனில் விஎஸ் கோட், 'இந்தப் போல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா?' என்ற கேள்வியைக் கொண்டுவந்தது. பலரும் படிக்காமலேயே 'ஆம்' தட்டிவிட்டுப் போகும் அதே கேள்விதான்.

போலி இன்டர்வியூ நடத்தி, 'இந்த புராஜெக்ட்டை இறக்கி ஓட்டிப் பாருங்கள்' என்று சொல்லி லேப்டாப்பில் நுழையும் மோசடியை, பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் யூனிட் 42 பிரிவு 2023-ல் வெளிப்படுத்தியது. தெரியாத இடத்திலிருந்து வரும் புராஜெக்ட் என்றால் 'நம்பவில்லை' என்றே தட்டுங்கள். அப்போது எடிட்டர் ஃபைலைக் காட்டும், ஆனால் எதையும் தானாக ஓட்டாது. பிறகு டெர்மினலில் நீங்களே ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சரி, நாளைக்கு ஆபீஸில் என்ன செய்யலாம்?

1. நெளிகோட்டைப் பார்த்ததும் புரோகிராமைத் திருத்தாதீர்கள். முதலில் டெர்மினலில் பில்ட் ஓட்டுங்கள். அங்கே பாஸ், எடிட்டரில் எரர் என்றால், பிரச்சினை பெரும்பாலும் தகவல் தொடர்பில்தான்.

2. பைத்தான் என்றால் எடிட்டர் எந்த இன்டர்பிரட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

3. சி, சி பிளஸ் பிளஸ் என்றால் கம்பைல் கமாண்ட்ஸ் ஃபைல் இருக்கிறதா, பழசாகிவிட்டதா என்று பாருங்கள்.

4. எடிட்டர் செட்டிங்கில் போல்டர் பாதைகளைக் கையால் எழுதி நெளிகோட்டை மறைப்பது தற்காலிக ஒட்டுதான். பில்ட் ஃபைல் மாறும் அன்று அது பிய்ந்துபோகும். ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்று எப்போதும் பழசாகத்தான் இருக்கும்.

5. கண்டுபிடித்த தீர்வை ரீட்மீ ஃபைலில் இரண்டு வரி எழுதிவையுங்கள். முடிந்தால் ஒரே கமாண்டில் எல்லாம் செட் ஆகும்படி ஸ்கிரிப்டாகப் போட்டுவையுங்கள்.

டீம் லீடுகளுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. புதிய லேப்டாப்பில் புராஜெக்ட்டை இறக்கி, எடிட்டரில் திறந்து, ஏதாவது ஒரு ஃபங்ஷன் மேல் கிளிக் செய்து அதன் டெஃபனிஷனுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். போக எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பில்ட் பாஸ் ஆவதோடு இதையும் சேர்த்துத்தான் 'புராஜெக்ட் தயார்' என்று சொல்ல வேண்டும்.

ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரலாம். ஏ.ஐ. உதவியாளரும் அதே போல்டரைத்தான் படிக்கிறது. ஆர்டர் விவரம் கிடைக்காவிட்டால் அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். ஒரே வித்தியாசம், எடிட்டர் தப்பாக ஊகித்தால் நெளிகோடு மட்டும் போடும். ஏ.ஐ. தப்பாக ஊகித்தால், நன்றாக இருக்கும் ஃபைலையே திருத்திவிடும்.